மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிந்தது

அல்போன்சாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெங்களூர் விவேக் நகர் முழுக்கத் தெரியும். சாக்கடையை அரைகுறையாக வாரிப்போட்டுப் போகிற கார்ப்பரேஷன்காரரானாலும் சரி, பூசை நடுவே செல்போனை அலறவிடுகிற பெரிய மனிதரானாலும் சரி, அவளிடம் பாரபட்சம் கிடையாது. ஆனால் அடுத்தவர் ரகசியம் ஒன்றுகூட அந்த வாயிலிருந்து வெளியே வந்ததில்லை என்பதும் அதே விவேக் நகருக்குத் தெரியும். இந்த இரண்டாவது பெயரை வாங்க அவள் ரொம்பப் பாடுபட்டிருந்தாள்.

1992-ல் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு எஸ்டிடி பூத் திறந்தாள். அவள் கணவன் ஓஸ்வால்ட் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். அதிகாலையில் போனால் மத்தியானம் மாவு வாசனையோடு வந்து படுத்துக்கொள்வான். அதனால் பூத் முழுக்க முழுக்க அவள் ராஜ்ஜியம். மூன்று வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு பெண்ணின் காதல் விவகாரம் தெருவுக்கே தெரிந்துபோனது. அந்தப் பெண் கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் ஒலிபெருக்கி வைத்ததுபோலப் பேசுகிறவள். ஆனாலும் பழி அல்போன்சாமேல் விழுந்தது. ஒட்டுக்கேட்டு ஊதிவிட்டாள் என்றார்கள். அவள் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். அல்போன்சாவும் பதிலுக்குக் கத்தினாள் என்பது வேறு விஷயம். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள் என்பதை ஓஸ்வால்ட் மட்டும் அறிவான்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். யாராவது போன் சுழற்ற ஆரம்பித்தால் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வானொலியில் கன்னடப் பாட்டைக் கொஞ்சம் தூக்கி வைப்பாள். பேசி முடித்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால்தான் திரும்புவாள்.

ஆளாளுக்கு செல்போன் வந்ததும் பூத் ஈயடித்தது. ஒரே ஒரு போனை மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டுவைத்துவிட்டு, 2002-ல் நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினாள். எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஆறே மாதத்தில் எல்லாம் கற்றாள். கற்றதோடு நிற்காமல், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மெயில் எழுதிக் கொடுக்கவும் ஆரம்பித்தாள். துபாயில் புருஷன், மஸ்கட்டில் மகள், கப்பலில் பிள்ளை என்று ஈஜிபுராவிலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, இவள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவாள். பதில் வந்தால் வாசித்துக் காட்டுவாள். அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்றே தன் மேஜைக்கு ஒட்டினாற்போல் இருந்த மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்திருந்தாள். அதில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டாள்.

இதில்தான் பழைய பழக்கம் உள்ளே நுழைந்தது. மெயில் கணக்கு திறக்கிறபோது பாஸ்வேர்டு கேட்குமல்லவா? அந்த இடம் வந்ததும் அல்போன்சா எழுந்து தெருப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“இது உனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியணும். எட்டு எழுத்து அமுக்கு. அத்தையே இன்னொருவாட்டி அதே மாரி அமுக்கு. நான் பாக்க மாட்டேன்.”

அந்தப் பெண்கள் பயந்து பயந்து எதையோ அழுத்துவார்கள். இரண்டு தடவையும் ஒன்றாக வருவதற்குச் சிலருக்கு அரைமணி நேரம் ஆகும். மறந்துபோனால் கேட்கிற ரகசியக் கேள்விக்கும் இதே கதைதான். எல்லாம் முடிந்ததும், நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று பிரவுசர் கேட்கும். அல்போன்சா திரும்பி வந்து ஆம் என்று அழுத்துவாள். மறுவாரம் அந்தப் பெண்ணுக்கு என்ன அழுத்தினோம் என்பது சுத்தமாக மறந்திருக்கும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. பிரவுசர் தானாகவே கரும்புள்ளிகளைப் போட்டுத் திறந்துகொண்டது.

மெயிலை வாசிப்பதே நீதான், பாஸ்வேர்டை மட்டும் பார்க்க மாட்டேன் என்பதில் என்ன நியாயம் என்று ஓஸ்வால்ட் ஒருமுறை கேட்டான்.

“அவங்க பக்கத்துல உக்காந்து சொல்றத கேக்கறது வேற. அவங்க இல்லாதப்ப தொறக்கற சாவி என் கையில இருக்கறது வேற,” என்றாள். ஓஸ்வால்ட் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படுக்கப் போனான்.

ஆக, 2005-ம் வருடம் பதினோரு குடும்பங்களின் சாவி ஆண்டவருக்கும் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. அல்போன்சாவுக்கு அதில் பெருமை வேறு.

அந்த வருடம் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயிலில் வியாழன் என்றால் தெருவே நிரம்பும். அல்போன்சா காலையில் கடையைத் திறந்தபோது மூன்றாம் நம்பரின் மூலையில் அப்டேட் தயாராக இருக்கிறது என்று ஒரு மஞ்சள் குமிழி வந்து நின்றது. வந்தால் உடனே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வைரஸ் வரும் என்று சிவசங்கரன் சொல்லி வைத்திருந்தான். சிவசங்கரன் விருதுநகர்ப் பையன். கோரமங்களாவில் ஒரு கம்பெனியில், அமெரிக்காக்காரர்களின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் போனிலேயே பேசிச் சரிசெய்கிற வேலை. சனிக்கிழமை ஊருக்கு மெயில் அனுப்ப வருவான். அவன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. ஆம் என்று அழுத்தினாள். ஒரு பட்டை மெதுவாக நீள ஆரம்பித்தது.

பத்தரைப் பூசைக்கு மணி அடித்தது. அவள் எழுந்தாள். ஸ்கார்ஃபை எடுத்தாள். கதவருகே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

1998-ல் ஒருமுறை அவள் பூசையில் இருந்தபோது கடையின் சுவிட்ச் போர்டு தீப்பிடித்துக் கரிந்தது. அன்றிலிருந்து மெயினை அணைக்காமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. கை தானாகப் போகும். கரண்டு போனால் தாங்கிப் பிடிக்க யூபிஎஸ் என்று ஒன்று மேஜைக்கடியில் இருக்கத்தான் இருந்தது. அதன் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பூசை முடிந்து திரும்பியபோது ஷட்டருக்கு முன்னால் பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள். ஈஜிபுராவில் வாடகைக்கு இருப்பவள், இரண்டு வீடுகளில் சமைக்கிறவள். அவள் மகன் தினேஷ் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு உதவியாள். அவன் முகத்தைப் பார்த்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை கேப்டன் அறையிலிருந்து மெயில் அனுப்புவான். நடுக்கடலில் வேறு வழியில்லை.

போன வார மெயிலை அல்போன்சாதான் வாசித்தாள். கப்பல் சென்னைக்கு வருகிறது. ஒரே ஒரு நாள் நிற்கும். சில மணி நேரம் வெளியே விடுவார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த கேட் என்று வியாழக்கிழமைக்குள் எழுதுகிறேன், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பு என்று எழுதியிருந்தான். பாஞ்சாலி இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு, நல்ல புடவையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“உக்காரு, இப்ப பாத்துடலாம்,” என்று அல்போன்சா மெயினைப் போட்டாள்.

மூன்றாம் நம்பர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு எழுந்தது. அவள் பிரவுசரை இரண்டு தட்டு தட்டினாள். மணற்கடிகாரம் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறைந்தது. ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி மணற்கடிகாரம், மறுபடி ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டாள். குழந்தை இயேசுவை அழைத்தாள். கம்ப்யூட்டரைக் கன்னடத்தில் நாலு வார்த்தை கேட்டாள். அது எதற்கும் மசியவில்லை.

இரண்டாம் நம்பரில் உட்கார்ந்து மெயில் பக்கத்தைத் திறந்தாள். அது சமர்த்தாகத் திறந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

“இன்னா அமுக்கினேன்னு ஞாபகம் இருக்கா?”

“ஏதோ அமுக்கினேன்க்கா. நீங்கதான் அப்பால மிசினுக்கே தெரியும்னு சொன்னீங்களே.”

கப்பலின் மெயில் முகவரியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. தன் கணக்கிலிருந்து எழுதிக் கேட்கவும் வழியில்லை.

கம்ப்யூட்டர் விற்ற கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தாள். ஒரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மூன்றாம் நம்பரைத் தட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பையிலிருந்து சிடியை எடுத்தார்.

“ஃபார்மட் மாடி பிடோணா மேடம். எல்லாத்தையும் அழிச்சிப் போட்டா ஒன் அவர்ல புதுசா ஆயிடும்.”

“உள்ள இருக்கற பாஸ்வேர்டுங்கல்லாம்?”

“அது ஹோகுத்தே. எல்லாம் போய்டும். எழுதி வெச்சிருப்பீங்கல்லா?”

அவர் சிடியை உள்ளே தள்ளப் போனபோது அல்போன்சா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பதின்மூன்று வருடக் கடை வாழ்க்கையில் வேற்று ஆண் ஒருவரின் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை. கோவிந்தப்பா திகைத்துப்போய் சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சுவரில் பென்சிலால் எழுதியிருந்த சிவசங்கரன் எண்ணைப் பார்த்துக் கூண்டுக்குள் போய்ப் போன் செய்தாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

“அக்கா, என்னால வர முடியாதுக்கா. அம்மை போட்டிருக்கு. ஆறு நாளாச்சு. வீட்டுக்கார அம்மா வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தாம வெளிய காலு வைக்கக் கூடாதுங்காங்க.”

குரலே காய்ந்துபோயிருந்தது. நோயாளியைத் தொந்தரவு செய்கிறோமே என்று அவள் தயங்கினாள். ஆனால் கண்ணாடிக்கு வெளியே பாஞ்சாலி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவளைப் போல, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அல்போன்சா விஷயத்தைச் சொன்னாள்.

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“சரி மேடம், பிரச்சினை வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன செஞ்சீங்க?” என்றான். வேலைக் குரல் வந்ததும் அக்கா மேடமாகிவிட்டாள்.

அல்போன்சாவுக்கு ஒரு சபலம் வந்தது. பொய் சொல்லிவிடலாம். கரண்டு போயிற்று என்று சொன்னால் பெங்களூரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் டாக்டரிடமும் சாமியாரிடமும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அப்டேட் ஓடிக்கினு இருந்துது. நான்தான் மெயினை ஆஃப் பண்ணிட்டு பூசைக்குப் போய்ட்டேன்.” சொல்லிவிட்டுக் கூண்டுக் கதவு திறந்திருப்பதைக் கவனித்தாள். பாஞ்சாலிக்குக் கேட்டிருந்தது.

அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்று அல்போன்சாவுக்கு இருந்தது. பாஞ்சாலி திட்டவில்லை. “பூசைக்குத்தானக்கா போனீங்க,” என்றாள். அல்போன்சாவுக்குக் கண் கரித்தது.

போனின் கம்பி கூண்டைத் தாண்டி வராது. மூன்றாம் நம்பரோ கடையின் மறுகோடியில் இருந்தது. கோவிந்தப்பா போனைப் பிடித்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். ஆனால் அவர் சிவசங்கரன் சொல்வதைக் கேட்டுவிட்டு, தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொன்னார். மூன்றாவது வாக்கியத்திலேயே அல்போன்சா அவரை வெளியே அழைத்துவிட்டு, பாஞ்சாலியை உள்ளே அனுப்பினாள்.

“அவன் இன்னா சொல்றானோ அத்தையே கத்து. உன்னுது ஒன்னும் சேக்காத.”

பாஞ்சாலிக்கு இங்கிலீஷ் தெரியாது. அதுவே உபகாரமாயிற்று. காதில் விழுந்ததை விழுந்தபடியே சொன்னாள். “டூல்ஸ்... ஃபோல்டர் ஆப்சன்ஸ்... ஷோ ஹிட்டன் ஃபைல்ஸ்!” என்று அவள் கூண்டிலிருந்து கூவ, அல்போன்சா மவுசை நகர்த்தினாள். அல்போன்சா திரையில் தெரிந்ததை வாசிக்க, பாஞ்சாலி அதை அப்படியே போனுக்குள் ஒப்பித்தாள். நான் பேசுகிற அமெரிக்காக்காரர்களைவிட இந்தம்மா நன்றாகக் காது கொடுக்கிறார் என்று சிவசங்கரன் சொன்னதையும் அவள் தன் வேலை என்று நினைத்துக் கூவிவிட்டாள்.

சிவசங்கரன் முதலில் ஒன்றைப் புரியவைத்தான். “வீடு வேற, வீட்டுச் சாமான் வேற. பிரவுசர்ங்கது வீடு. அதுதான் இடிஞ்சிருக்கு. பாஸ்வேர்டெல்லாம் சாமான். அது வேற ஃபோல்டர்ல கிடக்கு. முதல்ல சாமானை எடுத்துப் பக்கத்து வீட்டுல வைப்போம். பொறவு வீட்டைக் கட்டுவோம்.”

மறைந்து கிடந்த ஃபோல்டர்களைத் தெரியவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து திறந்து, கடைசியில் வாய்க்கு வராத ஏதோ எட்டு எழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டரைக் கண்டுபிடித்தார்கள். அதை இரண்டாம் நம்பருக்குள் ஒரு நகல் எடுத்து வைத்தார்கள். அந்தக் காப்பி முடிந்ததும் அல்போன்சா சிலுவை போட்டுக்கொண்டாள். பதினோரு குடும்பம் இப்போது இரண்டு இடத்தில் இருந்தது.

அடுத்தது, பாதியில் நின்ற அப்டேட்டை முழுதாக ஓடவிட வேண்டும். நாற்பது நிமிடம் ஆகலாம். நடுவில் கரண்டு போகவே கூடாது என்று சிவசங்கரன் சொன்னான். அல்போன்சா கோவிந்தப்பாவைப் பார்த்தாள். ஜூலை மத்தியானம், வெளியே மேகம் கட்டியிருந்தது. இந்த ஏரியாவில் இரண்டு மணிக்கு மேல் கரண்டை நம்புவதும், ஆட்டோக்காரன் சொல்லும் ஐந்து நிமிடத்தை நம்புவதும் ஒன்று.

கோவிந்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே அல்போன்சா நினைத்தாள். கால்மணி நேரத்தில் காலடியில் ஒரு யூபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“நம் ஷாப்ல இருக்கிறது. சாயங்காலம் கொடுங்க, பரவாயில்ல,” என்று முழங்காலிட்டு மேஜைக்கடியில் அதைப் பொருத்தினார். ஃபார்மட் என்று ஆரம்பித்த மனிதர் தூசியில் முட்டி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அல்போன்சாவுக்கு மனது இளகியது. அவரைப் பற்றி மூன்று வருடமாக ஓஸ்வால்டிடம் சொன்னதையெல்லாம் ஒரேயடியாக வாபஸ் வாங்கினாள்.

பட்டை நீண்டது. பாஞ்சாலியும் ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வர, மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் பங்கு போனபோது ஃபேன் நின்றது. மற்ற மூன்று கம்ப்யூட்டரும் கறுத்தன. மேஜைக்கடியிலிருந்து யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. மூன்றாம் நம்பரில் பட்டை மட்டும் எதுவும் நடக்காததுபோல ஊர்ந்துகொண்டிருந்தது. பாஞ்சாலி அல்போன்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்டு வந்தபோது பட்டை முழுதாகியிருந்தது.

பாஞ்சாலி கூண்டுக்குத் திரும்ப, பிரவுசரைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். இரண்டு தட்டு தட்டினாள். மணற்கடிகாரம் சுற்றியது. இந்த முறை ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிரவுசர் ஏற்கனவே திறந்திருக்கிறது, முதலில் அதை மூடு என்றது.

“எங்க தொறந்துருக்கு? கண்ணு அவிஞ்சி போச்சா?” என்று அல்போன்சா திரையைப் பார்த்துக் கத்தினாள். பாஞ்சாலி அதையும் போனில் சொன்னாள்.

சிவசங்கரன் சிரித்த சத்தம் கூண்டுக்கு வெளியே கேட்டது. “அது பொய் சொல்லலைக்கா. கரண்டை அணைச்சப்ப அது உள்ளுக்குள்ள தாழ்ப்பாள் போட்டு உக்காந்திருந்துச்சு. ஆளு போயிருச்சு, தாழ்ப்பாள் மட்டும் கெடக்கு. அந்தச் சாமான் ஃபோல்டருக்குள்ள லாக்னு முடியற ஒரு ஃபைல் இருக்கும். அதை மட்டும் அழிங்க. வேற எதையும் தொடாதீங்க.”

அதை மட்டும் அழித்தாள். இரண்டு தட்டு தட்டினாள்.

பிரவுசர் திறந்தது. மெயில் பக்கம் வந்தது. பெயருக்குக் கீழே கரும்புள்ளிகள் எட்டும் தாமாக வந்து வரிசையில் உட்கார்ந்தன. அல்போன்சா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். கோவிந்தப்பா கைதட்டினார்.

பாஞ்சாலி ரிசீவரை வைக்காமல் கூண்டிலிருந்தே கேட்டாள். “வந்திருக்காக்கா?”

வந்திருந்தது. அல்போன்சா உரக்க வாசித்தாள். “அம்மா, சனிக்கிழமைன்னு நினைச்சேன், கப்பல் சீக்கிரம் போகுது. வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணியிலேருந்து பன்னண்டு மணி வரைக்கும் வெளிய விடறாங்க. மெயின் கேட்டுக்கிட்ட நில்லு. நீ வரலன்னாலும் நான் பன்னண்டு வரைக்கும் அங்கதான் நிப்பேன்.”

வெள்ளிக்கிழமை என்றால் மறுநாள். மணி அப்போது நாலரை. இன்னும் ஒரு பொழுது தள்ளிப்போயிருந்தால் அந்தப் பையன் கேட்டருகே நாலு மணி நேரம் வருகிற போகிற முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

பாஞ்சாலி போனிடம், “தம்பி, நீ நல்லாருக்கணும். ஆத்தா உன்னெ காப்பாத்துவா,” என்று அழுதபடி சொல்லிவிட்டு, வெளியே வந்து கோவிந்தப்பாவைக் கும்பிட்டாள். அல்போன்சாவைக் கட்டிக்கொண்டாள். கோவிந்தப்பா, பஸ் ஸ்டாண்ட் வரை நானே விடுகிறேன் என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்கூட்டரில் ஏறிய பாஞ்சாலி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அல்போன்சா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தாள். சிவசங்கரன் இன்னும் லைனில் இருந்தான்.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?” என்றான் வேலைக் குரலில்.

யாரைப் பார்த்தும் வாய் அடைத்துப் போகாதவள், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு மூன்று மணி நேரம் தலையணையில் சாய்ந்து பேசிய பையனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். “நல்லாரு கண்ணு,” என்பது மட்டும் வந்தது. அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவன் வைக்காமல் காத்திருந்தான்.

மறுநாளிலிருந்து அவன் வீட்டு வாசலுக்கு இளநீரும் மோரும் போயின. வேப்பிலைக்கு அந்தப்பக்கம் போகக் கூடாது என்பதால் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். குழந்தை இயேசுவின் கோயிலில் அவன் பெயருக்கும் கோவிந்தப்பா பெயருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இரண்டுபேரும் இந்துக்களாயிற்றே என்று ஓஸ்வால்ட் சொன்னபோது, “கொழந்தைக்குத் தெரியாதா அது?” என்றாள்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கும் ஒரு வழி பிறந்தது. பிரவுசருக்குள் சேர்ந்திருப்பதையெல்லாம் ஒரு பட்டியலாகப் பார்க்கலாம் என்று சிவசங்கரன் போனில் சொல்லிக் கொடுத்தான். அல்போன்சா பதினோரு பேருக்கும் சொல்லியனுப்பினாள். ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து, மற்ற வரிகளை நவநாள் ஜெபப் புத்தகத்தால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, “உன்னுத மட்டும் பாத்து சீட்டுல வரைஞ்சிக்க,” என்றாள். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு எழுத்தை வரைவதா கஷ்டம்? அந்தச் சீட்டை எங்கே வைத்துக்கொள்வதென்பது அவரவர் பாடு. சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவில் என்று ஆளுக்கொரு இடம் கண்டுபிடித்தார்கள்.

பாஞ்சாலி திங்கட்கிழமை சாயங்காலம் வந்தாள். மெட்ராஸ் வெயிலில் முகம் கருத்திருந்தது. தன் வரியைப் பார்த்தவள், பார்த்த மாத்திரத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். “எட்டும் ஒன்னேதான்க்கா! ஒரே பொத்தானை எட்டு வாட்டி அமுக்கியிருக்கேன். நீங்க வேணும்னா பாருங்களேன்.”

“எனுக்கு வேணாம்,” என்றாள் அல்போன்சா, தெருவைப் பார்த்தபடியே. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, எப்போதும்போல விசைப்பலகைமேல் கையை வைத்தாள். “சொல்லு. தினேசுக்கு இன்னா எழுதணும்?”

பாஞ்சாலி யோசித்தாள். இருபத்திரண்டு மாதமாக வாரம் தவறாமல் வந்து, மூச்சு விடாமல் சொல்லி, போதும் நிறுத்து என்று அல்போன்சாவே கெஞ்சும்படி எழுதவைத்தவள் அவள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அவன் கன்னத்தைப் பிடித்த கை அது.

“இந்த வாரம் ஒன்னும் இல்லக்கா,” என்றாள். “எல்லாத்தையும் நேர்லயே சொல்லிட்டேன்.”